பதினான்காம் கட்டம்

வண்டி என்றால் ஒரு செவ்வகம்.
போன திசைக்கு ஓர் அம்பு.
விலங்கு என்றால் பெருக்கல் குறி.
கயானி நகரத்துக் காப்பீட்டு அலுவலகத்தில்
பதினெட்டு வருடமாக இதைப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
வரைகிறாய் என்று யாரும் சொன்னதில்லை.
நானும் சொன்னதில்லை.

நவம்பரில் எங்களுக்கு மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
இருட்டினால் மூஸ் மான்கள் சாலைக்கு வரும்.
எருமையைவிட உயரம், குச்சிக் கால்கள்,
யாரோ பாதியில் விட்டுப்போன மூக்கு.
விளக்கைக் கண்டு ஓடாது.
நிற்கும்.
வாரத்துக்கு நாலைந்து பெருக்கல் குறி.

அன்று வந்தவர் பால் லாரி ஓட்டும் ஹெய்மோ கெம்பைனென்.
விலாவில் கட்டு. மூச்சை எண்ணி எண்ணிப் பேசினார்.
"நின்றது.
அப்புறம் திரும்பிப் பார்த்தது,
என்னிடம் ஏதோ கேட்க வந்த மாதிரி."

என் பேனா பதினான்காம் கட்டத்தில் இருந்தது.
முதல் கோட்டைச் சாய்வாகப் போட்டேன்.
இரண்டாவது கோடு
அதை வெட்டவில்லை.
வளைந்தது.

வளைந்து திமிலானது.
திமிலிலிருந்து கழுத்து இறங்கியது,
கழுத்தடியில் தாடி தொங்கியது,
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பது வயதில் நிறுத்தினேன்.
அப்பா கிழித்தெறியவில்லை.
எந்தப் பள்ளியும் வாசலிலேயே திருப்பி அனுப்பவில்லை.
சொல்லி அழ ஒரு துக்கம்கூடக் கிடையாது.
வீடு மாறினேன், ஒரு பெட்டியைப் பிரிக்கவில்லை,
மறுபடி வீடு மாறினேன்.
பென்சில் கடைச்சாமான் எழுதியது.
மகனின் உயரத்தைக் கதவில் குறித்தது.
ஒருமுறை அடைத்துக்கொண்ட குழாயைக் குத்தியது.

உள்ளதைச் சொன்னால், மோசமான படம்.
முன்கால் இரண்டும் ஒரே பக்கம்.
மான் பிடிக்கப் போய் மேசையாக முடிந்தது.
ஆனாலும் காபி ஆறிப்போயிருந்தது,
என் காது மடல் கொதித்தது,
திருடும்போது இப்படித்தான் இருக்கும்போல.

கையெழுத்துப் போடத் தாளைத் திருப்பியவர் நின்றார்.
"காது இப்படியில்லை" என்றார்.
"இடது காதில் ஒரு கிழிசல். பழைய கிழிசல்."
மேசைமேல் விரலால் போட்டுக் காட்டினார்.
திருத்தினேன்.
"இன்னும் கொஞ்சம் உள்ளே."
திருத்தினேன்.
வரிசையில் அடுத்து நின்ற பெண் கடிகாரம் பார்த்தாள்,
பிறகு கடிகாரத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தாள்.
"ம்" என்றார் ஹெய்மோ.
கொஞ்ச நேரம் கழித்து, "அதுதான்."

நாலாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது:
மெர்வி, விலங்கைப் பெருக்கல் குறியால் மட்டும் காட்டவும்.
புதுப் படிவத்தில் காட்டினேன்.
லாரிக்குப் பணம் கிடைத்துவிட்டது.
பழைய படிவம் எந்தக் கோப்பிலும் சேராது,
என் கைப்பையில் சேர்ந்தது.

பெட்டியையும் பிரித்துப் பார்த்தேன்.
கரிக்குச்சி தூளாகியிருந்தது.
தாள்கள் ஈரத்தில் ஒட்டி ஒரே அட்டையாகிவிட்டன.
அழிரப்பர் கல்.
சூப்பர் மார்க்கெட்டில்,
பிள்ளைகள் பகுதியில்,
முயல் படம் போட்ட ஒரு நோட்டு வாங்கினேன்.

ஞாயிறுதோறும் காரை நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தி
ஹீட்டரைப் போட்டுக் காத்திருக்கிறேன்.
ஒன்றும் வருவதில்லை.
எச்சரிக்கைப் பலகையில் இருக்கிற மூஸ் மட்டும்
அலுக்காமல் நிற்கிறது.
அதை வரைந்தேன்.
அதை முதலில் வரைந்தவரும்
ஏதோ அலுவலகத்தில், ஏதோ கட்டத்துக்குள்
பொருத்தத்தான் வரைந்திருப்பார்.
கழுத்தில் அந்தச் சின்ன வளைவு
யாரும் கேட்காமல் போட்டது.

ஸ்டியரிங்கில் கரி விரல்கள். கன்னத்திலும் என்றான் மகன்.
ஏனென்று கேட்கவில்லை, நோட்டைப் புரட்டினான்.
"எல்லாம் ஏம்மா முழங்கால்வரை பனியில் நிற்குது?"

எனக்கு இன்னும் கால் வரவில்லை.
மே மாதம் பனி உருகிவிடும்.
அதற்குள் பழகியாக வேண்டும்.